அப்பா பணியாற்றிய நீர்மூழ்கிக் கப்பல் இன்று இல்லை. எதைக் காப்பது, எப்படிக் காப்பது?

தாங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். ஐ.என்.எஸ். வாக்லி நீர்மூழ்கிக் கப்பலில் மின்பிரிவு மாலுமியாகப் பணியாற்றிய தங்கள் தந்தையார் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியில் நீர்மூழ்கியருக்குரிய ஒரு டால்பின் பேட்ஜ், ஒரு பணிச்சட்டை, முப்பது புகைப்படங்கள், எண்களால் நிறைந்த இரண்டு நோட்டுகள் ஆகியவை இருக்கின்றன. "குர்சுராவை விசாகப்பட்டினத்தில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், வாக்லியை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்?" என்பது முதல் கேள்வி (குர்சுரா, அதே வகையைச் சேர்ந்த, இன்று அருங்காட்சியகமாகக் கரையில் நிற்கும் கப்பல்). "இந்தப் பொருட்களை எந்த அருங்காட்சியகத்திடம் ஒப்படைப்பது?" என்பது இரண்டாவது. இவற்றுக்கு நடுவே, "அப்பா கப்பலைப் பற்றி வீட்டில் எதுவுமே பேசியதில்லை" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தாங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. எனவே அதையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் கடற்படையில் இருந்தவன் அல்லன். அருங்காட்சியகங்களில் உலோகப் பொருட்களைப் பாதுகாக்கும் வேலையை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் செய்திருக்கிறேன். நங்கூரம், பீரங்கி, கப்பல் மணி என்று கடலோடு பழகிய இரும்பும் பித்தளையும் என் கைவழியே நிறையச் சென்றிருக்கின்றன. துருவைப் பற்றி நான் சொல்வதை நம்பி நடக்கலாம். கடற்படை நடைமுறை, சட்டம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்பவற்றை விவரம் அறிந்த ஒரு வெளியாளின் பேச்சாக எடுத்துக்கொண்டு, உரியவர்களிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும்.

முதலில் வாக்லி. இந்தியாவின் நீர்மூழ்கிப் பிரிவு 1967 டிசம்பர் 8 அன்று, சோவியத் ஒன்றியத்திலிருந்து வாங்கிய ஐ.என்.எஸ். கல்வாரியோடு தொடங்கியது. நேட்டோ நாடுகள் ஃபாக்ஸ்ட்ராட் என்று பெயரிட்டிருந்த அந்த வகையில் மொத்தம் எட்டுக் கப்பல்கள் வந்தன: கல்வாரி, கந்தேரி, கரஞ்ச், குர்சுரா, வேலா, வாகிர், வாக்லி, வாக்ஷீர். 1974-இல் பணியில் சேர்ந்த வாக்லி, 36 ஆண்டுகள் உழைத்து 2010 டிசம்பரில் ஓய்வுபெற்றது. எட்டில் கடைசியாக விடைபெற்றது அதுவே. பழைய கப்பலின் பெயரைப் புதியதற்குச் சூட்டுவது கடற்படையின் மரபு. 2017-க்கும் 2025-க்கும் இடையில் மும்பையில் கட்டிச் சேர்க்கப்பட்ட ஆறு ஸ்கார்பீன் வகைக் கப்பல்களும் அப்படியே கல்வாரி, கந்தேரி, கரஞ்ச், வேலா, வாகிர், வாக்ஷீர் என்று பெயர் பெற்றன. குர்சுராவின் பெயர் அந்த வரிசையில் இல்லையென்றாலும் அதன் உடல் கரையில் நிற்கிறது. வாக்லிக்கோ பெயரும் தொடரவில்லை, உடலும் நிலைக்கவில்லை. தங்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்தக் கப்பலுக்கும் தமிழ்நாட்டுக்கும் இருந்த தொடர்பு தங்களுக்குத் தெரிந்திருக்கும். மாமல்லபுரத்தில் ஒரு கடல்சார் பாரம்பரிய அருங்காட்சியகம் அமைத்து அதில் வாக்லியை நிறுத்துவது என்ற திட்டத்தின்பேரில் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. அருங்காட்சியகம் எழவில்லை, திட்டம் கைவிடப்பட்டு, கப்பல் பழைய இரும்பாகப் போகவேண்டியதாயிற்று. இதை வெறும் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிட என் தொழிலறிவு இடம் தரவில்லை. ஃபாக்ஸ்ட்ராட் கப்பலுக்கு இரண்டு கூடுகள். அழுத்தம் தாங்கும் உள்கூடு தடித்த எஃகு. அதைப் போர்த்தியிருக்கும் வெளிக்கூடு மெல்லிய தகடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள நீர்த்தொட்டிகளில் பல இடங்களில் ஆள் நுழைந்து சுரண்டிச் சாயம் பூச முடியாது. பணியில் இருக்கும்வரை கப்பலைக் குறித்த காலத்தில் உலர்துறைக்கு ஏற்றித் துருவைச் சுரண்டிவிடுவார்கள். ஓய்வுபெற்று உப்புத் தண்ணீரில் சும்மா நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த இடுக்குகளில் துரு தடையின்றி வேலை செய்யும். முடிவெடுக்க நாம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வோர் ஆண்டும் செலவை ஏற்றிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்குப் பின் கப்பலை இழுத்துச் செல்வதே ஆபத்தாகிவிடும்.

வசதி படைத்த நாடுகளிலும் இதே கதைதான். வாக்லியின் உடன்பிறப்பான சோவியத் பி-39 அமெரிக்காவின் சான் டியேகோ துறைமுகத்தில் 2005 முதல் காட்சிக்கு நின்றது. வெளிக்கூடு ஓட்டை ஓட்டையாகிப்போக, 2022-இல் அதையும் உடைப்பதற்கு இழுத்துச் சென்றார்கள். 1944-இல் அட்லாண்டிக்கில் பிடிபட்ட ஜெர்மானிய யு-505, சிகாகோ அருங்காட்சியகத்தின் வாசலில் 1954 முதல் அரை நூற்றாண்டு வெயிலிலும் பனியிலும் நின்று அரித்த பிறகே, 2004-இல் நிலத்தடிக் கூடம் ஒன்றுக்குள் நகர்த்தப்பட்டது. எங்கள் துறையில் பாடமாகவே சொல்லப்படுவது பிரிட்டனின் முதல் நீர்மூழ்கியான ஹாலண்ட் 1. உடைப்பதற்கு இழுத்துச் செல்லும் வழியில் 1913-இல் அது மூழ்கியது. 1982-இல் மேலே தூக்கி, துரு நீக்கி, சாயம் பூசிக் காட்சிக்கு வைத்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் துரு மீண்டும் வெடித்துக் கிளம்பியது. எஃகின் நுண்துளைகளுக்குள் உட்கார்ந்திருந்த குளோரைடு உப்பை யாரும் வெளியே எடுத்திருக்கவில்லை என்பதுதான் காரணம். பிறகு கப்பலைச் சுற்றியே ஒரு தொட்டி கட்டி, சோடியம் கார்பனேட் கரைசலில் நான்கு ஆண்டுகள் ஊறப்போட்டு, ஈரம் கட்டுப்படுத்தப்பட்ட கட்டடத்துக்குள் 2001-இல் மறுபடி திறந்தார்கள். உப்பு உள்ளே இருக்கச் சாயம் பூசுவது புண்ணை மூடிக் கட்டுப்போடுவது போன்றது.

குர்சுரா தப்பித்ததற்குத் தலையாய காரணம், தாமதிக்காமல் அதைக் கரையேற்றியதுதான் என்பது என் கணிப்பு. 1969 டிசம்பரில் சேர்ந்து, 1971 போர்க்காலத்தில் அரபிக்கடலில் காவல் சுற்றி, 31 ஆண்டுகளில் 73,500 கடல் மைல் ஓடிய அந்தக் கப்பல் 2001-இல் ஓய்வுபெற்றது. 2002 ஆகஸ்டில் ராமகிருஷ்ணா கடற்கரையில் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 91 மீட்டர் நீளமுள்ள ஒரு பொருளை மணலில் இழுத்தேற்றிக் காங்கிரீட் மேடையில் உட்காரவைத்த பொறியியல் வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். அதற்காக அந்தக் கப்பல் நிரந்தரமாகக் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். அலைக்கு எதிரே திறந்த வெளியில் நிற்கிறது. உப்புக் காற்று ஓய்வதில்லை. 2014-இல் ஹூட்ஹூட் புயல் கரையைக் கடந்ததும் அந்த ஊரில்தான். சுரண்டுவதும் பூசுவதும் நிற்காதவரைதான் அது நிற்கும்.

அங்கே என்னைக் கவர்ந்தவர்கள் வழிகாட்டிகள். ஓய்வுபெற்ற கடற்படையினரே பார்வையாளர்களை அழைத்துச் செல்கிறார்கள். ஒருமுறை ஒரு முதியவர் தம் பேரனுடன் பார்வையாளராக வந்திருந்தார்; இதே வகைக் கப்பலில் எஞ்சின் அறையில் பல ஆண்டுகள் இருந்தவராம். மூன்று டீசல் எஞ்சின்களுக்கு நடுவிலுள்ள இடுக்கில் பேரனிடம் பேசிக்கொண்டே நடந்தவர், ஓரிடத்தில் தலையைத் திருப்பாமல் கையை மட்டும் மேலே நீட்டி, சரியாக ஒரு வால்வின் சக்கரத்தைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் தாம் பிடித்திருப்பதைக் கவனித்தார். "விளக்கு அணைஞ்சா இதைக் கண்டுபிடிச்சாகணும் தம்பி, அதுக்குத்தான் பழக்கம்" என்றார். நீர்மூழ்கியில் சேர்பவர் தம் பிரிவு வேலையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. கப்பலின் குழாய்களையும் வால்வுகளையும் மின்தடங்களையும் முனையிலிருந்து வால்வரை கற்று, தேர்வில் தேறிய பிறகே டால்பின் பேட்ஜ் கிடைக்கும். அன்று அவர் காட்டிய இடத்தைப் பற்றிக் கப்பலில் எந்தப் பலகையும் எதுவும் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வந்து குறித்துவைத்தேன், அவ்வளவுதான்.

இனித் தங்கள் பெட்டிக்கு வருகிறேன். பேட்ஜ் கறுத்திருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். புளியின் அமிலம் குத்துவிளக்குக்குச் சரி. பேட்ஜின் மேலுள்ள மெல்லிய முலாம் இரண்டு தேய்ப்பில் போய்விடும், போனால் திரும்பாது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, அமிலமற்ற தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். புகைப்படங்களை லேமினேட் செய்யாதீர்கள். பசையுள்ள ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காமல், ஆல்பத்தோடு அப்படியே படமெடுங்கள். மலிவான பிவிசி உறைகள் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் ஓர் எண் மட்டும் போட்டு, யார், எங்கே, எப்போது என்பவற்றைத் தனி நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். நோட்டுகளின் நடுவிலுள்ள ஸ்டேப்ளர் பின்கள் துருவேறியிருந்தால் நிதானமாக நிமிர்த்தி எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் கட்டலாம். டிரங்குப் பெட்டியைப் பரணில் வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள்.

தாங்கள் அனுப்பியிருந்த நோட்டுப் பக்கத்தின் படத்தை நெடுநேரம் பார்த்தேன். இடப்பக்கம் 1 முதல் 112 வரை வரிசை எண்கள், எதிரே 1240, 1245, 1235 என்று நான்கிலக்க எண்கள். அதேபோல் நான்கு தொகுதிகள். "கணக்கு நோட்டு போலிருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். ஃபாக்ஸ்ட்ராட் கப்பலின் பேட்டரி 112 செல்கள் கொண்ட நான்கு தொகுதிகளால் ஆனது, மொத்தம் 448. அந்த நான்கிலக்க எண்கள் ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்த அமிலத்தின் அடர்த்தியாக இருக்கவே பெரிதும் வாய்ப்பு உண்டு, 1.240 என்பதைப் புள்ளியில்லாமல் எழுதும் பழக்கம் இருக்கிறது. தொகுதியின் அமைப்பு எனக்கு உறுதியாகத் தெரியும். எண்களின் பொருள் என் ஊகம். அவர் எதற்காக அதைச் சொந்த நோட்டில் எழுதிவைத்தார் என்பதை அவரோடு பணியாற்றியவர்தான் சொல்ல முடியும். பேட்டரி அறையின் உயரத்துக்கு யாராலும் நிமிர்ந்து நிற்க முடியாது. தவழ்ந்தும் படுத்தும்தான் ஒவ்வொரு செல்லையும் எட்ட வேண்டும். மின்னேற்றும்போது செல்கள் ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கைத் தாண்டினால் ஒரு தீப்பொறி போதும். நீருக்கடியில் கப்பலை ஓட்டுவதும், விளக்கெரிப்பதும், எழுபத்தைந்து பேர் மூச்சுவிடும் காற்றை நகர்த்துவதும் அந்த 448 செல்கள்தான். வீட்டில் எதுவும் பேசாதவர் எதைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது அந்தப் பக்கத்தில் ஓரளவு இருக்கிறது.

பெட்டியில் ரகசியம் என்று முத்திரையிட்ட தாளோ, தொழில்நுட்பக் கையேடோ இருந்தால் அதைப் படமெடுத்துப் பொதுவில் போடாதீர்கள். அலுவல் ரகசியச் சட்டம் 1923 இன்றும் நடப்பில் இருக்கிறது. போர் மற்றும் நடவடிக்கை ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டுகளில் வெளிப்படுத்த வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021-இல் கொள்கை வகுத்தது உண்மைதான். அது அரசு தன் ஆவணங்களைப் பரிசீலித்து வெளியிடும் முறையைப் பற்றியது, வீட்டில் கிடக்கும் தாளுக்குத் தானாகக் கிடைக்கும் அனுமதி ஆகாது. அப்படி ஏதேனும் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, உரிய கடற்படை அலுவலகத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர் எந்தெந்தக் கப்பலில் எந்தத் தேதிமுதல் எதுவரை இருந்தார் என்பது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும். அது தொலைந்திருந்தால் மாலுமிகளின் பணிப் பதிவுகளைப் பேணும் மும்பை மான்குர்ட் அலுவலகத்துக்கு வாரிசு என்ற முறையில் எழுதலாம்.

அவருடைய தோழர்களைத் தேடுங்கள் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அவர்களும் எழுபதைத் தாண்டியிருப்பார்கள். எஃகு துருப்பிடிக்கும் வேகத்தைவிட அவர்களுடைய நினைவுகள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. சந்திக்கும்போது "மறக்க முடியாத அனுபவம் என்ன?" என்று கேட்காதீர்கள், பல இடங்களில் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைதான் வரும். காலை வாட்ச்சில், அதாவது காலை முறைப்பணியில், முதல் வேலை என்ன, படுக்கை எங்கே, யாரோடு பங்கு, சமையலில் எது அலுத்துப்போயிற்று, பேட்டரி அறையில் இறங்குமுன் சட்டைப்பையிலிருந்து எதையெல்லாம் எடுத்துவைப்பார்கள் என்று கேளுங்கள். ஒரு தாளைக் கொடுத்துப் பிரிவின் அமைப்பை வரையச் சொல்லுங்கள். முடிந்தால் குர்சுராவுக்கே அழைத்துச் செல்லுங்கள். தொலைபேசியில் பதிவு செய்தாலே போதும். யார் பேசுகிறார், எந்தத் தேதி என்பதைப் பதிவின் தொடக்கத்தில் தாங்களே சொல்லிவிடுங்கள்.

சொல்பவரையும் தேதியையும் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்குக் காஜியின் கதை போதும். பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி 1971 டிசம்பர் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட இரவில், தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஆட்களுடன் விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. இதுவரை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய ஆழ்குண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பு. காஜியே விதைத்த கண்ணிவெடியோ உள்ளே நேர்ந்த வெடிப்போ காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பு. நம்மவர்களிலும் சில மூத்த அதிகாரிகள் ஐயத்தை வெளிப்படையாகச் சொன்னதுண்டு. அரை நூற்றாண்டு கடந்த பிறகு சண்டையைத் தீர்த்துவைக்க வேண்டியவை அன்றன்று எழுதிய பதிவுகள். அவற்றிலேயே சில அழிக்கப்பட்டுவிட்டதாக 2010-இல் நாளேடுகளில் செய்தி வந்தது. 2024-இல் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் அந்தச் சிதைவைக் கண்டறிந்தபோது, அது மாண்டவர்களின் உறைவிடம் என்பதால் தொடப்போவதில்லை என்று சொன்னார்கள். எதிரிக் கப்பலுக்கும் பொருந்தும் அந்த மரியாதையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் ஆராய்ச்சி என்ற அளவில், அதைத் தொடாதவரை ஐயமும் அங்கேயே கிடக்கும்.

பொருட்களை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு என் பதில், இப்போதைக்கு யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்பதே. அருங்காட்சியகங்களுக்குப் பேட்ஜ் போதுமான அளவு கிடைத்துவிடுகிறது. விவரமில்லாமல் வரும் பெட்டி கிடங்கில் தூங்கும். யாருடையது, எந்தக் கப்பல், எந்த ஆண்டு, எதற்குப் பயன்பட்டது என்ற குறிப்போடும் ஒலிப்பதிவோடும் கொண்டுபோனால் அதே பெட்டியை வேறுவிதமாக வரவேற்பார்கள். கொடுக்கும் நாளில் பதிவேட்டு எண்ணுடன் எழுத்து மூலமான ரசீது வாங்குங்கள். நோட்டுகளின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்த பிறகே கையைவிட்டு அனுப்புங்கள். நானே பொறுப்பிலிருந்த ஒரு கூடத்தில், ரசீதில்லாமல் வந்த ஒரு மாலுமியின் கடிதக்கட்டு இடமாற்றத்தில் எங்கே போயிற்றென்று கடைசிவரை தெரியவில்லை. அவருடைய மகளுக்கு நான் எழுதிய மன்னிப்புக் கடிதம்தான் கோப்பில் இருக்கிறது.

அவருடைய பெயரை டெல்லியிலுள்ள தேசியப் போர் நினைவிடத்தில் பொறிக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2019-இல் திறக்கப்பட்ட அந்த நினைவிடம் பணியில் உயிர்நீத்தவர்களுக்கானது. 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் ஐ.என்.எஸ். சிந்துரக்ஷக் வெடித்தபோது மாண்ட 18 பேரைப்போல் கடமையில் இறந்தவர்களை நினைப்பதற்கு நம்மிடம் சடங்கும் கல்லும் உண்டு. கடமையை முடித்து வீடு திரும்பி, முதுமையில் இறந்தவருக்கு அப்படி ஓரிடம் கிடையாது. டிசம்பர் 8 நீர்மூழ்கி நாள். அன்று முன்னாள் நீர்மூழ்கியர் பல ஊர்களில் கூடுவார்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், பேட்டரி பார்த்தவர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள்.

போகும்போது அந்தப் பணிச்சட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். வலக்கை மணிக்கட்டருகிலும் முன்பக்கத்திலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதாகவும், பூச்சி அரித்திருக்கிறது, தைத்துவிடலாம் என்று அம்மா சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். ஓட்டையின் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பூச்சி தின்ற இடத்தில் நூல்முனைகள் மென்மையாக இருக்கும். விளிம்பு பழுப்பேறி, மொறமொறவென்று தொட்டால் பொடிந்தால் அது பேட்டரி அமிலம் பட்ட இடம். அப்படியிருந்தால் துவைக்கவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். பழைய வெள்ளைப் பருத்தித் துணியை அலசிக் காயவைத்து, சட்டையின் மடிப்புகளுக்கு நடுவில் வைத்துச் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.